செக்கிங் அக்கா

எங்கள் காம்பவுண்டில் மாடிப்படியை ஒட்டிய வீட்டில் இருந்த அந்த அக்கா, எதையாவது பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதில்லை, சினிமாவைப் பற்றிச் சொன்னதில்லை, பிறந்த குழந்தையைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. குழந்தையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘நகம் வெட்டி விடுங்க, கன்னத்துல கீறிக்கப் போவுது’ என்பாள். பெற்றவளுக்கு முகம் சுண்டிப்போகும். ஆனால் நகம் வளர்ந்துதான் இருக்கும்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். பெங்களூர் விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் காம்பவுண்டு. ஆறு வீடு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். அவள் தன் அண்ணன், அண்ணியோடு இருந்தாள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஓசூர் ரோட்டில், அடுகோடியைத் தாண்டி ஒரு கார்மெண்ட்ஸில் அவளுக்கு வேலை. முதலில் தையல் லைனில் இருந்தவளை, கண்ணின் கூர்மையைப் பார்த்து செக்கிங் மேசைக்கு மாற்றினார்களாம். அதனால் எங்களுக்கெல்லாம் அவள் செக்கிங் அக்கா.

அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் நிறையப் பேசுவாள். தைத்து வரும் உருப்படிகளை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து வைத்து, நூல் பிசிறு, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, சுருக்கம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நகக்கண் அளவுதான் இருக்கும் அந்த அம்பு. அது லைனுக்குத் திரும்பிப் போய், பிரித்துத் தைத்து, மறுபடி அவளிடமே வரும். சரியாக இருந்தால் அவளே அம்பை உரித்துப் போட வேண்டும். ஒட்டினவள்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அம்போடு ஒரு உருப்படி பெட்டிக்குள் போய்விட்டால் அன்றைக்கு சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் நிற்க வைத்துத் திட்டுவார். தன் கையிலிருந்து அப்படி ஒன்றுகூடப் போனதில்லை என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டு அம்புத் தாள் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. கோணலாகத் தொங்கிய காலண்டர் மேல் ஓர் அம்பு. சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் ஓர் அம்பு. எங்கள் பொதுக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டுக்காரரிடம் வாய் வலிக்கச் சொல்லிவிட்டு ஓய்ந்திருந்தார்கள். இவள் குழாயின் கழுத்தில் ஓர் அம்பை ஒட்டி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, ‘ஏனம்மா இது?’ என்று கன்னடத்தில் கேட்டார். ‘ஆல்டர் பீஸ் சார். சரி மாடிஸி’ என்றாள் இவள், சிரிக்காமல். பிரித்துத் தைக்க வேண்டிய உருப்படி, சரிபண்ணிக் கொடுங்கள் என்று அர்த்தம். மறுநாள் பிளம்பர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார்.

மூலை வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, ‘எடது கண்ணு கொஞ்சம் லேட்டா திரும்புது, டாக்டர்ட்ட காட்டுங்க’ என்று சொன்னாள். குழந்தையின் அம்மா அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு காட்டினார்கள். அந்தப் பிஞ்சு முகத்தில் கண்ணாடி ஏறியது. இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் கண் பார்வையே மங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். குழந்தையின் அம்மா வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மூக்குல எறங்குது பாருங்க, பின்னாடி எலாஸ்டிக் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க’ என்றாள்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் தன் கல்யாணத்தையே ஒரு தடவை கெடுத்துக்கொண்டாள். கிருஷ்ணகிரியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் கேசரிக்காக அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தார். பெட்டி மடிப்புகூடக் கலையவில்லை. காபித் தட்டோடு வந்தவள் அவருக்கு நேராகக் குனிந்தபோது நின்றுவிட்டாள். அவள் பார்வை அவர் கழுத்தில் இருந்தது. ‘காலர்ல சுருக்கம் விழுந்துருக்கு. பில்லு வெச்சிருந்தா மாத்திக் குடுப்பாங்க’ என்றாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள், சத்தியமாக. அவள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசரவில்லை. ‘அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாம்மா’ என்றார். கால் ஊனம் இருக்கிறதா என்று பார்க்க அப்படி நடக்கச் சொல்வது அவர்கள் பக்கத்து வழக்கம். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவு வரை போனாள், திரும்பி வந்தாள். தலை குனியவில்லை, வேகமும் காட்டவில்லை. அதற்கு முன்பும் நாலு தடவை அவளை அப்படி நடக்க விட்டிருக்கிறார்கள் என்று அவள் அண்ணி பிறகு என் அம்மாவிடம் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, பெண் நிறம் கம்மி என்று கிருஷ்ணகிரியிலிருந்து பதில் வந்தது. காலரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது என் முறை வந்தது. குழாயடியில் நின்றிருந்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னையே பார்த்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ‘உனக்கு எடது தோளு எறக்கம்டி. ஒரு வெரலு இருக்கும்’ என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

அதுவரை எனக்குத் தோள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை, தோள்தான் தெரிந்தது. கடைக் கண்ணாடி, பஸ் ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, எங்கே பார்த்தாலும் அந்த ஒரு விரல் இறக்கம். ஒன்பதாம் வகுப்பு குரூப் போட்டோவில் இடது தோளை வேண்டுமென்றே தூக்கிக்கொண்டு நின்றேன். யாரோ கேட்ட கேள்விக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று பதில் சொல்வதுபோல் இருக்கிறேன் அதில். அம்மா ‘அதெல்லாம் ஒண்ணும் தெரியல’ என்றாள். தோழிகள் ‘லூசு, நல்லாத்தான் இருக்கே’ என்றார்கள். அவர்கள் சொல்லி என்ன பயன்? கண்டுபிடித்தவள் அல்லவா எடுக்க வேண்டும்? அந்த அக்கா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து ‘நல்லா இருக்கே’ என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. இரண்டு வருஷம் அந்தப் பிடிவாதத்தோடு திரிந்தேன். தீபாவளிக்குப் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு முதலில் அவள் வீட்டு வாசலுக்குத்தான் போவேன். ‘நாடா வெளிய தெரியுது’ என்பாள்.

அந்த வருஷங்களில் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் கிரீடம் வைத்த பெண்கள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பெங்களூர் முழுக்க அழகிப் போட்டி பற்றித்தான் பேச்சு. வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். எங்கள் பள்ளியிலும் பெரிய வகுப்புப் பெண்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் சிஸ்டர்கள் மனமிறங்கினார்கள். ஆனால் அழகு என்ற சொல் எங்கேயும் வரக்கூடாதாம். ‘பெர்சனாலிட்டி காண்டெஸ்ட்’ என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். கை முழங்கை வரை இருக்க வேண்டும், கழுத்து இறங்கக்கூடாது, துணி கணுக்காலைத் தொட வேண்டும், உதட்டுச் சாயம் கூடாது. ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் ஒரு பெண். எங்கள் பத்தாம் வகுப்பு ‘சி’ செக்‌ஷனிலிருந்து போக வேண்டியவளுக்கு அம்மை போட்டுவிட்டது. கிளாஸ் டீச்சர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக என்னை நோக்கி விரலை நீட்டினார்.

எனக்குக் குளிர்காய்ச்சலே வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் என் தோளைப் பார்க்கப் போகிறார்கள். அதே நேரத்தில் இன்னொரு நினைப்பும் ஓடியது. மேடையில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த அக்காவால் ‘நல்லா இருக்கே’ என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

அம்மா என்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போனாள். ‘இவளுக்கு ஏதோ கவுனு மாதிரி வேணுமாம்மா. கடையில தைக்கக் குடுத்தா நாளாவும். நீதான் தைச்சுக் குடுக்கணும்.’

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

‘எடது தோளுக்கு உள்ள பஞ்சுப் பேடு வைக்கணும்’ என்றாள்.

அடுகோடியில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி எடை போட்டு விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கிருந்து கரும்பச்சை நிறத்தில் வழுவழுவென்று ஒரு துணி வாங்கி வந்தாள். கோட்டுக்கு உள்ளே வைக்கும் துணியாம் அது. தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கேதான் இருந்தேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன; அந்த மூன்றும் இன்னும் தனியாக இருக்கின்றன. டிசம்பர் மாதம். வெளியே குளிரும் வெயிலும் கலந்து கிடந்தன. அண்ணியும் அண்ணனும் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். டிரங்குப் பெட்டியின் மேல் என்னை ஏற்றி நிற்க வைத்துவிட்டு அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். வாயில் குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு இருக்காது. துணி வழியே வெயில் பட்டு, என் கையெல்லாம், அவள் கன்னமெல்லாம், சுவரெல்லாம் லேசாகப் பச்சையாகத் தெரியும். கத்தரிக்கோல் சத்தம், எங்கேயோ ஓர் ஆட்டோ போகும் சத்தம், கோயிலில் மைக் சோதிக்கும் சத்தம். நிற்கிற இடத்திலேயே எனக்குக் கண் சொருகும். அவள் விரல்கள் முதுகில் பட்டுப் பட்டு நகரும். குறை தெரிகிற இடத்தில் ஓர் அம்பு ஒட்டும்போது மட்டும் சின்னதாக ஓர் அழுத்தம். கட்டைவிரலின் அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது கேட்டிருந்தால் அவளைப் பிடிக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு அம்புகள் ஒட்டினாள்.

‘எப்படிக்கா இருக்கேன்?’

‘இடுப்புல ஒரு இஞ்சு லூசு.’

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஐந்து அம்புகள்.

‘இப்ப எப்படி இருக்கேன்?’

‘ஓரம் தூக்குது. அசையாத நில்லு.’

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் அம்புதான் இருந்தது, இடது தோளில். பேடு சரியாக உட்கார மாட்டேன் என்று வழுக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பிரித்துத் தைத்தாள், மறுபடி பிரித்தாள். ‘வலுக்குது துணி. போட்டுக்கினப்புறம் மேலயே ரெண்டு தையல் போட்டாத்தான் நிக்கும்’ என்றாள். நான் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலங்களில் காம்பவுண்டில் குழாயிலிருந்து கேட் வரை நடந்து பழகுவேன். தலையில் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று யாரோ சொன்னதால் சமூக அறிவியல் புத்தகம் தலையில் இருக்கும். பொடிசுகள் பின்னாலேயே அதுபோல நடக்கும். ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘என்னக்கா, நடை சரியில்லையா?’ என்று நானே எரிச்சலோடு கேட்டேன்.

‘நாலு பேரு உக்காந்து பாக்க நடக்கறது பேஜாரான வேலடி’ என்றாள். ‘அவங்க எதனா ஒண்ணு கண்டுபிடிச்சாவணும்னுதான் வந்து உக்காந்துருப்பாங்க.’

இதில் எனக்கு என்ன உதவி என்று புரியாமல் மறுபடி குழாய்க்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

போட்டி ஒரு சனிக்கிழமை பிற்பகல். அவளுக்கு சனிக்கிழமையும் வேலை உண்டு. சூப்பர்வைசரிடம் அரைநாள் பர்மிஷன் கேட்டிருக்கிறாள். ஷிப்மெண்ட் நேரம், கிடையாது என்றுவிட்டார். மதியம் சாப்பாட்டு பெல் அடித்ததும் டிபன் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. பஸ் பிடித்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே இருந்தது. தலையில் பஞ்சுத் தூசு.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ அறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி எங்களைத் தயார்ப்படுத்தினார்கள். பவுடர் மேகமாகப் பறந்தது. அம்மா என் தலையைப் பின்னினாள். செக்கிங் அக்கா எனக்குப் பின்னால் போய் நின்றாள். பேடு நழுவும் இடத்தில் அம்பை ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, துணி என் மேல் இருக்கும்போதே ஊசி நூலால் தைக்க ஆரம்பித்தாள். ‘மூச்சு விடாத’ என்றாள். நான் விடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவள் மூச்சு என் கழுத்தில் சுட்டது. பிறகு சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

வந்தவள் நின்றாள். கழுத்துப்பட்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று கையைத் தூக்கியவள் கையை அந்தரத்திலேயே வைத்திருந்தாள். அறையில் அத்தனை இரைச்சல் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் சத்தமே இல்லாததுபோல் இருந்தது எனக்கு. இதுதான் சமயம் என்று தோன்றியது.

‘எப்படிக்கா இருக்கேன்?’

வாசலில் ஒரு சிஸ்டர் கைதட்டிக் கூப்பிட்டார்.

‘போ, கூப்புடறாங்க’ என்றாள் அக்கா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மை கலைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு போனேன்.

மேடை விளக்குகளுக்கு சிவப்பும் நீலமுமாக செல்லோபேன் தாள் கட்டியிருந்தார்கள். வோல்டேஜ் குறைவு. அதனால் டேப்ரிக்கார்டர் சோம்பலாக ஓடியது. துள்ளலாக இருக்க வேண்டிய கீபோர்டு இசை தூக்கத்தில் பாடுவதுபோல் வந்தது. அதற்கு ஏற்றபடி எங்கள் எல்லோருடைய நடையும் மெதுவாகிவிட்டது. நான் மேடைக்குள் போனபோது தரையே தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் பச்சை கவுன் வேறு ஏதோ ஒரு நிறமாகிவிட்டது. அதற்குப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. ஹாலில் முகங்கள் இல்லை, ஒரு முணுமுணுப்பு மட்டும். பின்வரிசையில், அம்மாக்கள் நிற்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் அட்டை வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று மின்னியது. நான் அதைப் பார்த்தே நடந்தேன். தோளை மறந்துபோனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மறந்துபோனேன்.

மேடை விளிம்பு வரை வந்து, நின்று, திரும்பி, முதுகைக் காட்டி மறுபடி நிற்க வேண்டும். நான் திரும்பியதும் முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சின்ன வகுப்புப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். அதில் குட்டை முடியோடு ஓர் அம்மா, ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி என்றார்கள். மற்ற பெண்களிடம் பிரதமர் ஆனால் என்ன செய்வாய், உனக்குப் பிடித்த தலைவர் யார் என்றெல்லாம் கேட்டவர், என்னிடம் மைக்கில் இங்கிலீஷில் கேட்டார்: ‘உன் தோளில் ஓர் அம்பு இருக்கிறதே, அது என்ன?’

கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். விரலில் அகப்பட்டது. உரித்துப் பார்த்தேன். சிவப்பு அம்பு, நகக்கண் அளவு. அது எந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

‘டிசைன், மேடம்.’

‘வெரி இன்ட்ரஸ்டிங்’ என்று அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

கிரீடம் ‘ஏ’ செக்‌ஷன் பெண்ணுக்குப் போனது. உலகம் முழுக்கச் சண்டை நிற்க வேண்டும் என்று சொன்னாள் அவள். இரண்டாவது, மூன்றாவது இடத்திலும் நான் இல்லை. கடைசியில் ‘சிறந்த உடை’ என்று என் பெயரைக் கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸைக் கொடுத்தார்கள். அந்த ஹாட்பாக்ஸில் அம்மா பல வருஷம் இட்லி வைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால், எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் சீருடைத் தோளில் காகித அம்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிஸ்டர் அவற்றைக் கிழித்துப் போட்டார். அதே திங்கட்கிழமை செக்கிங் அக்காவை மேசையிலிருந்து எழுப்பி, ஒரு வாரம் நூல் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள், சொல்லாமல் வெளியே போனதற்காக. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் செய்யும் வேலை அது. அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அண்ணிதான் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனது. ஹெப்பகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். பெண் பார்க்க வந்தபோது நடக்கச் சொல்லவில்லையாம். அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நாங்களும் வீடு மாறிவிட்டோம். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. அம்மா யாரிடமோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டாள். பள்ளி கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பில், அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே நேரே போய் அந்த அம்பை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

‘வேணும்னேதானே ஒட்டின?’

அவள் குனிந்து பார்த்தாள். அதன் பசையில் பச்சை இழை ஒன்று ஒட்டியிருந்தது.

‘ரெண்டு வருஷமா இத சொல்லிச் சொல்லியே என்னைச் சாவடிச்ச. இப்ப ஸ்கூலுக்கே காட்டிக் குடுத்துட்ட. உனக்கு குஷிதானே?’ எனக்கு வார்த்தைகள் நிற்கவில்லை. ‘ப்ரைஸுகூட உன் துணிக்குத்தான் குடுத்தாங்க. எல்லாரும் துணியத்தான் பாத்தாங்க. நீயும் துணியத்தான் பாத்த. ஒருத்தர்கூட என்னைப் பாக்கல.’

போகிற வருகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கலவரம் இருந்தது. காபித் தட்டோடு நின்றபோதுகூட அவள் அப்படி நிற்கவில்லை.

‘வேணும்னு ஒட்டலடி’ என்றாள். ‘பேடு நிக்க அடையாளம் வெச்சேன். தைச்சு முடிச்சுட்டு, முன்னாடி எப்படி உக்காந்துருக்குன்னு பாக்க வந்தேன்.’

‘வந்து?’

‘வந்து உன்ன பாத்தேன்.’

ஒரு பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. எங்கள் பஸ்தான், இரண்டு பேரும் ஏறவில்லை.

‘துணிய பாக்கவே இல்லடி. அப்புறம் பின்னாடி போயி அம்ப எடுக்கணும்னுகூட தோணல. நீ போற வரைக்கும் உன் மொகத்தயே பாத்துட்டு நின்னுட்டேன்.’

சூப்பர்வைசர் முன்னால் நிற்பவளைப்போல் கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவளுக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

‘இத்தினி வருசத்துல இப்படி ஒண்ணு விட்டதே இல்ல. தப்பு என்னோடதுதான். ஸாரிடி’ என்றாள்.